கொட்டை ஊன்றி எழுப்பிய காடு

கடலூர் மாவட்டத்து முந்திரியின் வரலாறு வழக்கமாக மூன்று வரியில் முடிந்துவிடும். போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தார்கள். அமெரிக்கச் சந்தை திறந்ததும் அது பணப்பயிரானது. விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையம் நல்ல ரகங்களைத் தந்தது. மூன்று வரியும் உண்மைதான். ஆனால் முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவே ஏறத்தாழ 350 ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் இந்த மரத்தைப் பெருக்கியது யார், எப்படிப் பெருக்கினார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. துறைமுகத்தில் இறங்கிய ஒரு கொட்டை தானாக நடந்து பண்ருட்டிக்கும் காடாம்புலியூருக்கும் விருத்தாசலத்துக்கும் போய்விடாது. வீட்டுக் கொல்லையிலும் வரப்போரத்திலும் ஒரு கொட்டையை ஊன்றி, முள் வைத்துக் காத்து, காய்த்த மரத்தில் நல்லதைப் பார்த்து மறுபடி ஊன்றிய குடும்பங்கள்தாம் இந்தக் காட்டை எழுப்பின. பின்னால் வந்த ஆராய்ச்சியும் அந்தக் குடும்பங்களின் உழைப்பின் மேல்தான் கட்டப்பட்டது. இதை ஏற்றுக்கொண்டால், கொட்டையிலிருந்து முந்திரி வளர்க்கும் பழக்கம் இன்று மறைந்துவருவதை வெறும் தொழில்நுட்ப முன்னேற்றம் என்று எண்ணி விட்டுவிட முடியாது.

மரம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரேசிலின் வடகிழக்குக் கடற்கரை மணல்வெளிதான் முந்திரியின் தாய்வீடு. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது கோவாவுக்கு வந்தது. 1578இல் வெளியான தம் நூலில் கிறிஸ்தோவாவ் த கோஸ்தா என்ற மருத்துவர் கொச்சியில் தாம் கண்ட முந்திரி மரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து, மலையாளக் கரையின் தாவரங்களை டச்சுக்காரர்கள் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலின் மூன்றாம் தொகுதியில் (1682) முந்திரி படத்தோடு இடம்பெற்றது. சோழமண்டலக் கரையிலும் அதே கப்பல்கள்தாம் வந்து போயின. சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் போர்ச்சுக்கீசியர் குடியேறிய ஊருக்குப் பரங்கிப்பேட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1690இல் ஆங்கிலேயர் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கினார்கள். இவர்களுக்கு இடையில் டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் இருந்தார்கள். ஒரு புதிய மரத்தின் கொட்டை வந்து சேர இதைவிட வாகான கரை வேறென்ன வேண்டும்? ஆனால் வந்து சேர்வது வேறு, வேரூன்றுவது வேறு. கரையோரத்து மணலில் நாலு மரம் நிற்பதற்கும், உள்நாட்டில் பல்லாயிரம் ஏக்கர் செம்மண்ணை ஒரு மரம் மூடுவதற்கும் இடையில் ஒரு பெரும் உழைப்பு இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். பழந்தின்னி வௌவால் முந்திரிப் பழத்தைக் கொட்டையோடு கவ்விக்கொண்டு போய்ப் போடும். மரம் தானாகவே பரவியிருக்கலாமே என்பார்கள். வௌவால் போட்டு முளைத்த மரங்கள் இருக்கின்றன என்பதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் வௌவால் தான் தங்கும் மரத்தடியிலும் பறக்கும் வழியிலும் போட்டதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், கடலூர் மேட்டு நிலத்து முந்திரிக்கொல்லைகளின் அமைப்பை அதனால் விளக்க முடியாது. அவை பட்டா எல்லைக்குள் அடங்கியவை. வரப்பை ஒட்டி வரிசை பிடித்தவை. ஒரே கொல்லைக்குள் ஏறத்தாழ ஒரே வயதுடைய மரங்கள் கொண்டவை. 20ஆம் நூற்றாண்டில் வனத்துறையும், 1974இல் தொடங்கிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் மண் அரிப்பைத் தடுக்கவும் வருவாய்க்காகவும் முந்திரி விதைத்தது உண்மைதான். அவையும் கொட்டையைத்தான் விதைத்தன. உழவர்களின் கொல்லைகளில் நின்ற மரங்களிலிருந்து கிடைத்த விதைதான் அங்கும் போயிருக்க வேண்டும்.

ஏன் இந்த மண்ணில், ஏன் கொட்டையாகவே ஊன்றினார்கள் என்பதற்கு விடை மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கடலூரில் கேப்பர் மலை ஏறியதும் தொடங்கும் செம்மண் மேடு மேற்கே பண்ருட்டி, நெய்வேலி வழியாக விருத்தாசலம் வரை போகிறது. நிலவியலாளர்கள் இதைக் 'கடலூர் மணற்பாறை' என்று ஊர்ப் பெயராலேயே அழைக்கிறார்கள். மேலே சரளை கலந்த சிவப்பு மண். அதற்குக் கீழே மணற்பாறை. அதற்கும் கீழே நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. நல்ல மழை பெய்யும் மாவட்டம்தான் இது. ஆனால் பெய்வதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து வேகமாக உள்ளிறங்கிவிடும். தை பிறந்தால் மேல்மண் காய்ந்துவிடும். இறவைக் கிணறும் மின் மோட்டாரும் இல்லாத காலத்தில் இந்த மேட்டில் வரகும் கம்பும்தான் விளைந்தன. 19ஆம் நூற்றாண்டில் மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் சேர்ந்துகொண்டது. புதுச்சேரி வழியாக மர்சேய் எண்ணெய் ஆலைகளுக்குப் போன நிலக்கடலையில் பெரும்பங்கு அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தினுடையது. தண்ணீர் ஊற்றி ஒரு கன்றைக் காப்பாற்ற வழியில்லாத இந்த மேட்டில் பிழைக்கும் மரம் முதல் கோடைக்குள் தன் ஆணிவேரை ஆழத்துக்கு இறக்கியிருக்க வேண்டும். முந்திரிக் கொட்டை முளைத்ததும் முதலில் செய்யும் வேலை அதுதான். வேறு இடத்தில் நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நட்டால் அந்த ஆணிவேர் அறுந்துபோகும், கன்று நிற்காது. ஆகவே மரம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே கொட்டையை ஊன்றினார்கள். முதல் மூன்று நான்கு ஆண்டுகள் கன்றுகளுக்கு நடுவே மல்லாட்டையும் காராமணியும் போட்டார்கள். மரம் குடை விரித்ததும் ஊடுபயிர் நின்றது, கொல்லை முந்திரிக்கு உரியதாயிற்று. கையில் காசு இல்லாத குடும்பம் ஒரு தோப்பை உண்டாக்க இதைவிட எளிய வழி இருந்ததில்லை.

தெற்கே வெள்ளாற்றைத் தாண்டினால் நிலைமை தலைகீழ். சிதம்பரம் வட்டம் வீராணமும் கொள்ளிடமும் வளர்த்த களிமண் பூமி. நெல் தண்ணீரில் நிற்கும். முந்திரியின் ஆணிவேரோ தேங்கிய தண்ணீரில் அழுகும். அதனால் சிதம்பரம் பக்கத்தில் முந்திரி கடலோர மணல்மேடுகளிலும் மேடான வீட்டு மனைகளிலும் மட்டுமே கண்ணில் படும். இந்த வேறுபாடு என் வாதத்துக்கு உதவுகிறது. பரங்கிப்பேட்டைத் துறை சிதம்பரத்துக்குக் கூப்பிடு தூரம். கப்பல் வந்ததே காரணம் என்றால் காடு அங்கே எழுந்திருக்க வேண்டும். அது வெகுதூரம் தள்ளிப் பண்ருட்டி மேட்டில் எழுந்தது. அங்கே தண்ணீர் இல்லாத மண்ணும், அந்த மண்ணில் மரம் உண்டாக்கத் தெரிந்த மக்களும் இருந்தார்கள். பனங்கொட்டையை ஏரிக்கரையில் ஊன்றியும், நல்ல தென்னையைப் பார்த்து நெற்று எடுத்து முளைக்க வைத்தும், பலாக்கொட்டையைச் சுளை தின்ற ஈரம் காயும் முன் மண்ணுக்குள் புதைத்தும் பழகிய கைகள் அவை. பலா விதை காய்ந்துவிட்டால் முளைக்காது. சில வாரங்களில் உயிர் போய்விடும் என்பது பண்ருட்டிப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அயல்நாட்டு மரம் ஒன்று இந்தப் பழக்கத்துக்குள் வந்து விழுந்ததுதான் அதன் அதிர்ஷ்டம்.

ஊன்றும் முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பங்குனி முதல் வைகாசி வரை கொட்டை உதிரும். பழத்தோடு விழுந்ததைத் திருகி எடுத்து வெயிலில் காயப் போடுவார்கள். விதைக்கு எடுப்பது அந்தக் குவியலிலிருந்து அல்ல. முன்னரே மனதில் குறித்து வைத்த மரத்தின் அடியிலிருந்து. அள்ளிய கொட்டையைத் தண்ணீரில் போட்டால் சில மிதக்கும், சில மூழ்கும். மிதப்பதன் உள்ளே பருப்பு சூம்பியிருக்கும். அது விதைக்கு ஆகாது. மூழ்கியதை எடுத்து ஓரிரு நாள் ஊறவைத்து, குழிக்கு இரண்டு மூன்றாக, காம்பு ஒட்டியிருந்த தழும்பு மேல்நோக்கி இருக்கும்படி இரண்டு மூன்று விரல் ஆழத்தில் ஊன்ற வேண்டும். தலைகீழாக வைத்தால் வேர் வளைந்து திரும்ப வேண்டிவரும். கன்று பிறக்கும்போதே இளைத்துப்போகும். இரண்டு மூன்று வாரத்தில் மண் வெடித்து, பருப்பின் இரண்டு பாதிகளும் தடித்த பச்சை இலைகளாக மண்ணுக்கு மேல் விரியும். ஆபத்தான கட்டம் அதுதான். அந்தச் சதைப்பற்றுள்ள விதையிலைகள் அணிலுக்கும் எலிக்கும் ஆட்டுக்கும் இனிப்பு. ஆகவே குழியைச் சுற்றி முள் வைப்பார்கள். வலுத்த ஒரு கன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுவார்கள். கோடையில் உதிர்ந்த கொட்டைக்கு ஆடி, ஆவணி மழையிலேயே மண் கிடைத்துவிடும். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் முளைப்புத் திறன் வெகுவாகக் குறையும் விதைக்கு இந்தப் பருவக் கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. இத்தனை படிகளிலும் ஒரு தேர்வு நடந்திருக்கிறது: எந்த மரம், எந்தக் கொட்டை, எந்தக் கன்று என்று. மூன்றையும் முடிவு செய்தது அந்த வீடுதான், அதிலும் பெரும்பாலும் கொட்டை பொறுக்கிய பெண்கள்தாம்.

இப்படித் தலைமுறை தலைமுறையாக நடந்ததற்குச் சான்று கேட்டால், பழைய முந்திரிக்கொல்லை எதையும் காட்டலாம். ஒரு மரத்துப் பழம் மஞ்சள், பக்கத்து மரத்தில் சிவப்பு, அதற்கடுத்ததில் இரண்டும் கலந்த நிறம். ஒன்று தை மாதத்திலேயே பூக்கும், இன்னொன்று மாசி கடந்து பூக்கும். ஒன்றின் கொட்டை கட்டைவிரல் பருமன், மற்றொன்றினுடையது அதில் பாதி. முந்திரிப் பூங்கொத்தில் ஆண் பூவும் இருபால் பூவும் சேர்ந்தே இருக்கும். தேனீ, எறும்பு, ஈ எல்லாம் மகரந்தத்தை ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். ஆகவே ஒவ்வொரு கொட்டையும் ஒரு புதுப் பிறவி. தாயைப் போலவும் இருக்கலாம், யாரைப் போலவும் இல்லாமலும் போகலாம். அலுவலகக் கோப்புகள் சொல்லாத வரலாற்றை இந்தச் சீரின்மை சொல்கிறது. யாரோ ஒருவர் ஓரிடத்திலிருந்து மொத்தமாகக் கன்று கொண்டுவந்து நட்ட நிலம் இப்படி இருக்காது.

1970களில் அகில இந்திய அளவில் முந்திரி ஆராய்ச்சி ஒருங்கிணைக்கப்பட்டபோது, தமிழ்நாட்டில் அந்தப் பணி விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. விஞ்ஞானிகள் முதலில் போனது உழவர்களின் கொல்லைகளுக்கு. நன்றாகக் காய்க்கும் மரம் எது என்று விசாரித்து, அந்த மரங்களின் விதையைத் திரட்டி, நிலையத்தில் வளர்த்து, ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். 1981இல் வெளியான வி.ஆர்.ஐ.-1 ரகத்தின் மூலம் வழிசோதனைப்பாளையத்துத் திரட்டு. 1985இல் வந்த வி.ஆர்.ஐ.-2 அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் காட்டுப்பள்ளியிலிருந்து வந்தது. 1991இல் வந்து பெரும்புகழ் பெற்ற வி.ஆர்.ஐ.-3 இடையஞ்சாவடி கிராமத்து மரம் ஒன்றின் விதைச் சந்ததியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. முதலிரண்டின் கொட்டை சுமார் 5 கிராம் எடை, மூன்றாவதன் கொட்டை சுமார் 7 கிராம். வியாபாரத்தில் இதன் பொருள் பெரிது. ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 வரை நிறுக்கும் வெள்ளைப் பருப்பை '320' என்கிறார்கள். எண் குறையக் குறைய பருப்பும் பருக்கும், விலையும் ஏறும். 5 கிராம் கொட்டையின் பருப்பு ஏறத்தாழ அந்த 320 தரத்தில் நிற்கும். 7 கிராம் கொட்டையின் பருப்போ 220 சேர்ந்தாலே பவுண்டு நிறைந்துவிடும். இந்த ஏற்றம் ஆய்வகத்தில் பிறந்ததல்ல. இடையஞ்சாவடியில் யாரோ ஊன்றிய ஒரு கொட்டையில் ஏற்கெனவே இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்டுபிடித்து, உறுதிசெய்து, பெருக்கினார்கள். அது சிறிய பணி அல்ல. அதற்குரிய மதிப்பை முழுமையாகக் கொடுக்க வேண்டும். ஆனால் கண்டுபிடிக்க ஏதோ ஒன்று அங்கே இருந்தாக வேண்டுமே. பக்கத்திலேயே பலாவுக்கும் இதே கதைதான். 1905இல் தொடங்கிய பாலூர் ஆராய்ச்சி நிலையம் தந்த பி.எல்.ஆர்.-1 பலா பணிக்கன்குப்பத்து உள்ளூர் மரத்திலிருந்தும், பி.எல்.ஆர்.-2 பத்திரக்கோட்டை மரத்திலிருந்தும் தேர்வானவை. ரகங்களின் எண்களுக்குப் பின்னால் ஊர்களின் பெயர்கள் நிற்கின்றன.

இனி வலுவான எதிர்வாதத்துக்கு வருவோம். விதைக்கன்றுத் தோப்பில் பாதி மரங்கள் உருப்படியாகக் காய்ப்பதில்லை. சில மரங்கள் கொத்துக்கொத்தாகத் தரும், பல மரங்கள் நிழல் மட்டும் தரும். காய்ப்புக்கு வர நான்கைந்து ஆண்டாகும். ஒட்டுக்கன்றோ இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். தாய்மரம் எப்படியோ அப்படியே வரும். ஏக்கர் கணக்கில் நட்டு, கடன் கட்ட வேண்டிய உழவரிடம் போய்க் கொட்டையை ஊன்று என்று சொல்வது நியாயமா? இல்லை; அப்படி நான் சொல்லவும் இல்லை. தோப்புக்கு ஒட்டுக்கன்றுதான் சரி. ஆனால் ஒட்டுக்கன்று என்றால் என்ன என்று ஒருமுறை பார்க்க வேண்டும். பாலித்தீன் பையில் ஊன்றிய முந்திரிக் கொட்டை முளைத்து, 45 முதல் 60 நாள் வயதுக் கன்றாக இருக்கும்போது அதன் நுனியை வெட்டிப் பிளந்து, நல்ல மரத்தின் குச்சியை ஆப்பாகச் சீவிச் செருகிக் கட்டுவதுதான் இளந்தண்டு ஒட்டு. மேல்பாதி வி.ஆர்.ஐ.-3, கீழ்ப்பாதி யாரோ ஒரு விதைக்கன்று. மண்ணைப் பிடித்து, தண்ணீரைத் தேடி, காற்றைத் தாங்குவது அந்தக் கீழ்ப்பாதிதான். இந்த முறை 1980களில் பரவுவதற்கு முன் பதியன் முறை பரிந்துரைக்கப்பட்டது. கிளையில் பட்டையை வளையமாக உரித்து, ஈரப் பாசி கட்டி, வேர் விட்டபின் வெட்டி நட்டார்கள். தாயின் குணம் மாறாமல் வந்தது, ஆனால் ஆணிவேர் இல்லை. வறட்சியிலும் புயல் காற்றிலும் அந்தக் குறை வெளிப்பட்டது. பதியனை விட்டு ஒட்டுக்கு மாறியதே, கொட்டையிலிருந்து இறங்கும் வேருக்கு மாற்று இல்லை என்று ஆராய்ச்சியும் ஒப்புக்கொண்டதாகத்தான் பொருள்.

அப்படியானால் 'தானே' புயல்? 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அது கரையேறியபோது, காற்று மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. ஒரே காலைப்பொழுதில் கடலூர் மாவட்டத்தில் இருபதாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட முந்திரி சாய்ந்தது. பலாவும் சாய்ந்தது. அப்படி விழுந்தவற்றில் பெரும்பாலானவை கொட்டையிலிருந்து வளர்ந்த பெரிய பழைய மரங்களே. ஆணிவேர் இருந்தும் என்ன பயன் என்று கேட்பார்கள். முதிர்ந்த மரம், அகலக் குடை விரித்த கிளைகள், தண்டைக் குடைந்து பலவீனமாக்கிய துளைப்பான் புழு, மழையில் ஊறிய மண் எல்லாம் சேர்ந்தபோது எந்த வேரும் போதாது. 2018 நவம்பரில் 'கஜா' புயல் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து முந்திரியைச் சாய்த்தபோதும் இதுவே நடந்தது. விதைமரம் புயலில் விழாது என்று நான் வாதாடவில்லை. விழுந்தபின் எதை இழந்தோம், அதன் இடத்தில் எதை வைத்தோம் என்பதே கேள்வி. அரசு மறுவாழ்வுத் திட்டம் அறிவித்து, ஒட்டுக்கன்றுகளைக் கொடுத்தது. பிழைப்பு இழந்த உழவருக்கு அது தேவையான உதவி. ஆனால் ஒவ்வொன்றும் தனித்த பிறவியான மரங்கள் நின்ற இடத்தில், ஓரிரு தாய்மரங்களின் நகல்கள் ஒரே வயதில் ஒரே வரிசையில் நிற்கின்றன. சுரங்கத்துக்காகக் கையகப்படுத்தப்பட்ட நெய்வேலிச் சுற்றுவட்டாரக் கொல்லைகளில் இருந்தவையும் போயின. அந்த மரங்கள் எல்லாவற்றையும் யாரும் அளந்து பார்த்து முடித்திருக்கவில்லை. அடுத்த இடையஞ்சாவடி மரம் அவற்றுக்குள் நின்றிருக்கக்கூடும்.

நகல்களால் நிரம்பிய தோப்பில் இல்லாத பலவகை மரங்கள் எப்போது கைகொடுக்கும் என்பதைக் காட்டத் தான்சானியா போதும். 1973-74இல் அந்நாடு சுமார் 1,45,000 டன் முந்திரிக்கொட்டை விளைவித்தது. 1980களின் இறுதியில் அது 20,000 டன்னுக்கும் கீழே விழுந்தது. மக்களைக் கட்டாயமாகப் புதுக் கிராமங்களுக்குக் குடிபெயர்த்ததால் தோப்புகள் கைவிடப்பட்டது ஒரு காரணம். பூவையும் தளிரையும் வெள்ளைப் பொடியாக மூடிக் கருக்கும் சாம்பல் நோய் மற்றொரு காரணம். கந்தகத் தூளும் நல்ல விலையும் நிலைமையைத் திருப்ப உதவின. அதோடு நலியெண்டேலே ஆராய்ச்சி நிலையத்தார் பழைய விதைமரத் தோப்புகளுக்குள் போய், நோயின் நடுவிலும் தாக்குப்பிடித்துக் காய்த்த மரங்களைத் தேடி எடுத்துப் பெருக்கினார்கள். அந்தத் தோப்புகள் வேறுபட்ட மரங்களாக இருந்ததால்தான் தேட முடிந்தது. கடலூரில் தேயிலைக் கொசு என்னும் பூச்சியோ, துளைப்பானோ, இன்னும் பெயர் வைக்கப்படாத ஏதோ ஒன்றோ நாளை பெரிதாக வந்தால் எங்கே போய்த் தேடுவோம்? பூச்சிக்கு மருந்து இருக்கிறதே என்பது பதிலாகாது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்ததன் விலையை அந்த மக்கள் இன்னும் செலுத்துகிறார்கள். ஆராய்ச்சி நிலையத்தில் மரபுவளத் தோட்டம் இருக்கிறது, அது போதும் என்பதும் முழுப் பதில் அல்ல. ஒரு வேலிக்குள் நிற்கும் சில நூறு மரங்களை ஒரே புயல் தொட முடியும். மேலும் அங்கே இருப்பது நேற்று வரை திரட்டியது மட்டுமே. நாளைக்கான புதுச் சேர்க்கை கொல்லையில்தான் நடக்கும்.

இன்னொரு கேள்வி உண்டு. பண்ருட்டி ஆலைகளே இப்போது ஐவரி கோஸ்ட் போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டையை இறக்குமதி செய்துதான் ஓடுகின்றன. உள்ளூர் விளைச்சல் போதவில்லை. இந்நிலையில் வீட்டுக்கு நாலு விதைமரம் வளர்ப்பதால் என்ன ஆகப்போகிறது என்பார்கள். விளைச்சல் கணக்கில் ஒன்றும் ஆகப்போவதில்லை. விதைமரத்தின் வேலை டன்னைக் கூட்டுவது அல்ல. தேர்ந்தெடுக்க ஒன்று இருக்கும்படி வைத்திருப்பது. இந்த நாட்டில் ஒவ்வொரு புது முந்திரி ரகமும் ஏதோ ஒரு விதைமரத்தின் தயவில்தான் வந்தது. இறக்குமதியாகும் ஆப்பிரிக்கக் கொட்டையும் பெரும்பாலும் அங்குள்ள சிறு உழவர்கள் கொட்டை ஊன்றி வளர்த்த மரங்களில் விளைந்ததே. உலகச் சந்தையின் பெரும்பகுதி இன்னும் இந்தப் பழைய முறையின் மேல்தான் நிற்கிறது. வீட்டு வளர்ப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று: ஓட்டிலிருக்கும் எண்ணெய் தோலைப் பொத்துப்போகச் செய்யும். சேராங்கொட்டையும் தில்லைமரத்துப் பாலும் பழகிய நம் ஊருக்கு இது புதிதல்ல. ஆனாலும் பச்சைக் கொட்டையைச் சிறுவர் கையில் கொடுக்கக் கூடாது. மொட்டை வெயிலில் அதை உடைத்து உடைத்துப் புண்ணாகிப்போன பெண்களின் விரல்களே அதற்குச் சாட்சி.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது அரசுக்கும் தோட்டக்கலைத் துறைக்கும்: முந்திரி மறுநடவுக்கு மானியம் தரும் ஒவ்வொரு திட்டத்திலும், கொல்லையின் வரப்போரத்தில் உள்ளூர் மரங்களின் கொட்டையை ஊன்றி வளர்ப்பதற்கும் ஒரு தொகையை எழுதுங்கள், எஞ்சியிருக்கும் பழைய மரங்களை ஊர் ஊராகப் பதிவு செய்யுங்கள், அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புல மாணவர்களும் விருத்தாசலம் நிலையமும் சேர்ந்தால் இது இரண்டு மூன்று பருவத்தில் முடியக்கூடிய வேலை. இரண்டாவது, மேட்டு மண்ணில் கொஞ்சம் இடம் வைத்திருக்கும் வாசகருக்கு: வரும் சித்திரையில் உங்கள் ஊரில் நன்றாகக் காய்க்கும் ஒரு பழைய மரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் வாங்கிய பருப்பு முளைக்காது. ஓடுடைய கொட்டையே வேண்டும். தண்ணீரில் மூழ்குவதை எடுத்து, தழும்பு மேலே இருக்கும்படி, மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே மூன்றாக ஊன்றி முள் வையுங்கள். எந்த ஊர், யாருடைய கொல்லை, என்ன நிறப் பழம், எந்த ஆண்டு என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.